என் பேரில் வரும் ஒப்பந்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. தினமும் போனில் தொணதொணக்கிறவளுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று கூரியர் கவரைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், தூங்கத்தான் முடியவில்லை. அத்தான் வேலைக்குப் போன பிறகு, உட்கார்ந்து நிதானமாகப் படி.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பிறகும் நீ மொட்டை மாடிக்கு ஏறித்தான் துணி காயப்போடுகிறாய் என்று அத்தான் சொன்னார். ஜன்னல் கம்பியில் போட்டால் காயாதா? இங்கே ரூமில் ஃபேன் திரும்பவும் கிடுகிடுவென்று ஆடுகிறது. கூட இருக்கும் நர்ஸ் அதற்கு நேர் கீழே படுக்க மாட்டேன் என்று கட்டிலை இழுத்து வாசலை அடைத்துவிட்டாள். இன்று தலைவலி என்று லீவு போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எழுதிக் கிழித்த தாள்களைப் பார்த்துவிட்டு அவள், "யாருக்குடி இவ்வளவு கஷ்டப்பட்டு லவ் லெட்டர்?" என்று கேட்டாள். எங்க அக்காவுக்கு என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா, என் வேலை என்ன என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறேன் என்பேன், நீயும் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாய். அது இப்படி நடக்கிறது. ஒரு ஃபேக்டரிக்கு ஃபிட்டர் வேண்டும் என்றால் எங்களிடம் கேட்பார்கள். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று எங்களுக்குத் தருவார்கள். அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஆளுக்குத் தருவோம். ஆளுக்கு எவ்வளவு குறைகிறதோ எங்களுக்கு அவ்வளவு கூடும். ஆளைப் பிடித்தவளுக்கு அதில் கமிஷன். ஃபேக்டரி எவ்வளவு தருகிறது என்று ஆளிடம் மூச்சு விடக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்கள் டீம் லீடர் ஒன்று சொல்லிக் கொடுத்தார். முதலில் குறைந்த ரேட்டைச் சொல், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். ஆள் கட்டுப்படியாகாது என்பான், வீட்டு வாடகையைச் சொல்வான், பிள்ளை ஃபீஸைச் சொல்வான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. இது எங்களுக்கும் தெரியும், வருகிற ஆட்களுக்கும் தெரியும். இதுவரை முதல் ரேட்டுக்கே சரி என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

ஒருவரைத் தவிர. அது நம்ம அத்தான்.

பிஸ்கட் ஃபேக்டரி ஃபிட்டர் வேலைக்கு அவரைக் கூப்பிட்டபோது பக்கத்து நாற்காலியில் டீம் லீடர் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல அடிமட்ட ரேட்டைச் சொன்னேன். அத்தான் பேரம் பேசுவார் என்று நான் சத்தியமாக நம்பினேன் அக்கா. செருப்புக் கடையில் கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடுகிறவரை விடாத மனிதர். அவர் கேட்டால் எவ்வளவு வரை ஏற்றலாம் என்று மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "நீ சொன்னா சரிம்மா. நம்ம வக்கீலம்மா போட்ட ரேட்டுல நான் போய் பேரம் பேசுறதா?" என்றார். அவ்வளவுதான். எங்கள் போனில் எல்லாம் பதிவாகும். ஆள் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் நானாக ஏற்ற முடியாது. டீம் லீடர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சின்ன வயதில் நான் எல்லாரிடமும் வாயாடுவேன் என்று அவர் வைத்த பேர்தான் அந்த வக்கீலம்மா. உன் கல்யாணத்துக்கு அப்புறம் நம்ம வீட்டில் எனக்காகப் பேசினது அவர்தான். அவருக்காக நான் ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் டீம் லீடர் சொல்லிக் கொடுத்த மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரூமுக்கு வந்து என் சொந்த போனில் கூப்பிட்டு, "அத்தான், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பேசி கூடக் கேளுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லலாம் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன், அதற்குள் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த மாதம் எங்கள் ஆபீஸில் ஒரே ஆளிடம் அதிகம் மிச்சம் பிடித்தவள் என்று எனக்குப் பரிசு கொடுத்தார்கள். கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

அந்தப் பரிசுதான் உன் வீட்டுக்கு நான் அனுப்பின வாஷிங் மெஷின்.

ஆபீஸில் நல்லா வேலை செய்ததுக்குக் கொடுத்தாங்க என்று உன்னிடம் சொன்னேன். நீ எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாய். அத்தானின் வேலைச் சட்டையில் கிரீஸும் சர்க்கரைத் தூளும் சேர்ந்து பிசுக்குப் பிடிக்கிறது, கையால் துவைத்துத் துவைத்து விரல் தோல் உரிந்துவிட்டது, இப்போது மெஷின் பார்த்துக்கொள்கிறது, நீ நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினாய். போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். அவர் வயிற்றில் அடித்து வாங்கினதில் அவர் சட்டையையே துவைக்கிறாய். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் என்றைக்காவது நேரில் வந்து உன் காலில் விழுந்திருப்பேன். இப்போது அவசரமாக எழுதக் காரணம் வேறு.

போன வாரம் அத்தான் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். ஃபேக்டரி இன்ஜினியர் அவரைத் தன் அறைக்கு அழைத்து, அடுப்பு பெல்ட்டை உங்களை மாதிரி யாரும் பார்த்துக்கொள்வதில்லை, நேரடியாக எங்கள் ஆளாகவே சேர்ந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பெர்மனென்ட் வேலை அக்கா. கான்ட்ராக்ட் ஆள் என்கிற மஞ்சள் பட்டை அட்டையைக் கழற்றிவிட்டு கம்பெனி ஆளின் நீலப் பட்டை. பேக்கிங் கூடத்துக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், கேன்டீனில் சாப்பிடலாம். கம்பெனி பஸ்ஸில் வரலாம். உன் முழங்காலுக்கும் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வார்கள். அத்தான் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் போனா உன் பேருக்கு ஏதாவது கெடுதல் வருமாம்மா?"

டீம் லீடர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் ஆபீஸ் குரலில், "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே அத்தான், அங்க நேரடியா சேரக் கூடாதுன்னு இருக்கே" என்றேன். அவர், "அப்ப வேணாம்மா. உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அந்தத் தடையும் அதோடு முடிகிறது. மறுநாளே அவர் தாராளமாக ஃபேக்டரியில் சேரலாம், யாரும் ஒன்றும் கேட்க முடியாது. இன்ஜினியரும் அதுவரை காத்திருப்பார். ஆனால் ஆபீஸில் இப்போது புது ஒப்பந்தம் அடித்திருக்கிறார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருடம் எங்கள் ஆள். அது முடிந்த பிறகும் ஒரு வருடம் அந்த ஃபேக்டரி வாசலில் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. அவரைக் கட்டிப்போடத்தான் அந்த வரியையே சேர்த்திருக்கிறார்கள். இன்ஜினியர் அவ்வளவு நாள் இடத்தைக் காலியாக வைத்திருப்பாரா?

திங்கட்கிழமை காலையில் அந்த ஒப்பந்தம் அத்தான் போனுக்கு வரும். என் பேரில் வரும். நான் அனுப்பாவிட்டால் வேறு யாராவது என் பேரிலேயே அனுப்புவார்கள். மேலே நாலு வரி பாசமாக இருக்கும்; எல்லாருக்கும் போகிற வரிதான், நான் எழுதியது இல்லை. கீழே விரலால் கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருக்கும். அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும். என் பேரைப் பார்த்தால் ஒரு வரி படிக்க மாட்டார். டீ ஆறுவதற்குள் போட்டுவிடுவார்.

போட விடாதே அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன், போட விடாதே. உன் தலைமேல் சத்தியம் வாங்கியாவது தடுத்துவிடு. ஃபேக்டரிக்கு நேராகப் போய் இன்ஜினியரிடம், மாதம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லச் சொல்.

என் வேலையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். போனால் போகட்டும். ஏன் அத்தானுக்கே எழுதவில்லை என்று கேட்பாய். அவரிடம் சொன்னால், "விடும்மா, தெரியாம நடந்தது" என்று அந்த நிமிடமே மன்னித்துவிடுவார். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. நீதான் என்னை வாய் வலிக்கிற வரை திட்டுவாய். திட்டு. போனை எடுக்காமல் இருந்தாலும் சரி, எனக்குப் புரியும். மெஷினை மட்டும் தூக்கி எறிந்துவிடாதே, உன் விரல் பாவம்.

இதையெல்லாம் அத்தானிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஏன் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவர் கேட்டால், வக்கீலம்மா வேண்டாம் என்றாள் என்று மட்டும் சொல். வேறு காரணம் கேட்க மாட்டார். நான் சொன்னேன் என்பதற்காக அவர் கேட்பது இந்த ஒரு தடவையாவது அவருக்கு நல்லதாக முடியட்டும்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. மாடி ஏறாதே.

திட்டுக்குக் காத்திருக்கும்,
உன் தங்கை