ஒரே முகச்சாடை

அக்கா,

இன்று மத்தியானம் எங்கள் ஆய்வுகூடத்தில் பயிலும் பெண் ஒருத்தி என் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வாடகை அறைக்கான பிணைப் பத்திரம். எரித்திரியாப் பிள்ளை, தாய் தகப்பன் இன்னும் அங்கேதான். பிணை நிற்பவரின் பெயர், சம்பளம், கையெழுத்து, அதற்குக் கீழே உறவுமுறை என்று ஒரு கட்டம். நாற்பது வருடத்தில் இந்தச் சுவிஸ் நாட்டுக்காரர் மலையைக் குடைந்து எத்தனை சுரங்கம் போட்டுவிட்டார்கள்! அந்தக் கட்டத்தை மட்டும் ஒருவனும் அசைக்கவில்லை.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று அவளை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று விளங்கியது. நீங்கள் போய் எட்டு மாதமான பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

எண்பதுகளின் நடுவில் பேர்ண் நகரில் எனக்குப் படிக்க இடம் கிடைத்திருந்தது. இலையுதிர்காலத்துக்குள் நகரத்தில் பதிந்த முகவரி இல்லாவிட்டால் அந்த இடம் போய்விடும். எனக்கு முன்பே வந்திருந்த என் அண்ணா, மலைப்பக்கத்து ஹோட்டலில் கோப்பை கழுவினான். அவனுக்கு மூன்று ஆண்களோடு ஒரே அறை. எனக்கு ஒரு விடுதியில் தற்காலிகக் கட்டில். அறை தேடி அலைந்ததில் ஒரே ஒரு வீட்டுக்காரிதான் கதவை முழுதாகத் திறந்தாள். அவளும் தகப்பனின் பிணை கேட்டாள்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர். பிணை என்றதும் மனிதர் சும்மா இருப்பாரா? சமாதான நீதவானிடம் ஒரு முத்திரை, கிராம சேவகரிடம் ஒரு முத்திரை, பாடசாலை அதிபரிடம் நற்சான்றிதழும் இன்னொரு முத்திரையும். ஊரடங்குக்கு நடுவே சைக்கிளில் அலைந்து வாங்கி அனுப்பினார். ஊதா மையில் மூன்று வட்டம் இருந்தால் உலகம் எழுந்து நிற்கும் என்று நம்பிய சனம் நாங்கள். நானும் நம்பித்தான் கொண்டுபோனேன். வீட்டுக்காரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "வடிவான முத்திரைகள்" என்றாள். பிறகு அதன் மேலேயே தன் கோப்பியை வைத்தாள். அந்த அம்மணிக்கு ஜன்னல் பூச்செடியைப் பிள்ளை போலப் பார்க்கத் தெரியும், ஞாயிறு மணி அடித்தால் தேவாலயத்துக்குப் போகத் தெரியும். ஒரு தகப்பனின் கையெழுத்தின் மேல் கோப்பை வைக்கக் கூடாது என்பது மட்டும் தெரியாது.

அடுத்தது இங்குள்ள எங்கள் தமிழ்ச் சனத்தின் தலைவர். எல்லாருக்கும் முதல் வந்து, விசா எடுத்து, கார் வாங்கி, விழா என்றால் மேடையில் நடுக் கதிரையில் இருப்பாரே, அவர்தான். இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் "பாப்பம் தங்கச்சி, நாளைக்குச் சொல்லுறன்" என்றார். மூன்றாம் தரம் தொண்டையைச் செருமினார். "பொம்பிளைப் பிள்ளை தனிய இருக்கிறதுக்கு நான் கையெழுத்து வைச்சா, பிறகு ஊரில என்னையெல்லோ கேப்பினம்?" அடுத்த மாத விழாவில் அவர் பேசிய தலைப்பு பெண் கல்வி. அரை மணித்தியாலம் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், அதுதான் அசிங்கம்.

உங்களிடம் நான் கேட்கவே இல்லை. சனி ஞாயிறுகளில் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒரே தளத்தைத் துடைத்தோம். கொழும்பில் ஒரு சுவிஸ் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்து, அவர்களோடேயே இங்கு வந்தவர் நீங்கள். விசாவும் இருந்தது, சம்பளச் சீட்டும் இருந்தது. ஆனால் நீங்கள் மட்டக்களப்பு. மட்டக்களப்பார் சாப்பாட்டில் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று சொல்லி வளர்த்த வீடு என்னுடையது. ஒரு வருடமாக நீங்கள் நீட்டிய சோற்றையும் மீன் குழம்பையும் "பசிக்கேல்லை அக்கா" என்று தள்ளிக்கொண்டிருந்தேன். தலைவரை இவ்வளவு கழுவி ஊற்றுகிறேனே, என்னை என்ன செய்வது?

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தலைவர் கைவிரித்த கிழமை, வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நான் அழுதபோது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் மடியில் வைத்தீர்கள்.

"இண்டைக்கு மந்திரம் ஒண்டும் போடல்ல புள்ள. தின்னு. மறுகா அந்தப் பொம்பிளைட வீட்ட போவம்."

தின்றேன். கொறுக்காய்ப்புளி போட்ட மீன் குழம்பு. ஒரு வருடம் வீணாக்கியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்காரி உங்கள் சம்பளச் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, சொந்தக்காரர்தான் பிணை நிற்கலாம் என்றாள். "எண்ட அக்காட மகள்" என்று அந்த ஊர் ஜெர்மனில் கண்ணிமைக்காமல் சொன்னீர்கள். நீங்கள் குள்ளம், உருண்டை முகம். நான் கொக்கு மாதிரி. அவள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓம், தெரிகிறது. ஒரே முகச்சாடை."

ட்ராம் நிறுத்தம் வரும்வரை அடக்கிக்கொண்டு வந்து, அங்கே நின்று சிரித்தோம். "அவக்கு நாம எல்லாம் ஒரு மூஞ்சிதான் புள்ள. நமக்கு நல்லதாப் போச்சி" என்றீர்கள்.

மூன்று வருடம் அந்த அம்மணி எனக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கே போன் எடுத்து உங்களைக் கூப்பிட்டாள். தாளித்த மணம், குளியல் தொட்டியில் தலைமயிர், தண்ணீர்ச் சத்தம் என்று ஒரே முறைப்பாடு. மேற்பார்வையாளரின் முன்னால் நின்று என் தலைமயிருக்கெல்லாம் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். நீங்கள் ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. வேறு ஆள் சொல்லித்தான் தெரியும்.

உங்கள் செத்தவீட்டுக்குத் தலைவரும் பொல்லூன்றிக்கொண்டு வந்தார். "எங்கட பிள்ளையளுக்கு ஒரு தாய்" என்று உரையாற்றினார். உங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தறியாத மனிதர். கேட்டிருப்பேன். பெட்டிக்குள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன்.

அந்த மனிதரின் வாய்தான் இன்று எனக்கு வாய்த்தது, அக்கா. உங்கள் சோறு நாற்பது வருடமாக வயிற்றில் இருந்தும், முதலில் வந்தது அவருடைய "நாளைக்கு". வெட்கமாக இருக்கிறது.

நாலு மணிக்கு அந்தப் பிள்ளை கோட்டு மாட்டும்போது கூப்பிட்டேன். கையெழுத்து வைத்தேன். உறவுமுறைக் கட்டத்தில் சின்னம்மா என்று எழுதினேன். அவள் தாளையும் என்னையும் பார்த்தாள்.

"நம்புவார்களா?"

"நம்புவார்கள்" என்றேன். "நமக்கு ஒரே முகச்சாடை."