உன் பக்கத்து ஜாய்ஸ்டிக்

மேஜையில் இரண்டு ஜாய்ஸ்டிக் கிடக்கின்றன. கும்பகோணத்தில் புதிதாக வீடியோ கேம் கடை போடுகிறவர், "பழைய கேமுக்கெல்லாம் எது தோதுப்படும்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றை அசைத்தேன். 'டிக்' என்றது. இன்னொன்றில் சத்தமே இல்லை. உடனே நீ வந்து நின்றாய்.

நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். நான் அதற்காக எழுதவில்லை. என் கோபம் அப்படியே இருக்கிறது. அதை உனக்குச் சொல்லத்தான் இது.

தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். காயலான் கடையிலிருந்து நீ இழுத்து வந்த ஓட்டை வீடியோ கேம் மிஷினை இரண்டு பேரும் சேர்ந்து ஓட வைத்தோம். ஜாய்ஸ்டிக்கில்தான் சண்டை. எனக்கு 'டிக்' என்று சத்தம் போடும் மைக்ரோ சுவிட்ச் வைத்தது வேண்டும். உனக்கு, இரண்டு பித்தளைப் பட்டைகள் சத்தமில்லாமல் தொட்டுக்கொள்ளும் பழைய ரகம்.

"வெளையாடுறியா, டைப் அடிக்கிறியா? இந்தச் சத்தத்துல எப்படிடா நிதானமா ஆடுறது?"

"சத்தம் கேட்டாத்தான்டா திரும்பிடுச்சுன்னு தெரியும்."

"அது கைக்குத் தெரியணும். தெரியலன்னா மம்பட்டி பிடிக்கப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அப்பாவின் நிலத்தில் என் அப்பா மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

இன்று இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். சுவர்களுக்கு நடுவே திரும்பித் திரும்பி ஓடும் சுற்றுப்பாதை கேமுக்கு உன் பட்டை ரகம்தான் சரி. லேசாகத் தொட்டாலே திரும்புகிறது, கை வலிக்கவில்லை. தூசி அடைந்தால் மட்டும் அடிக்கடி கழற்ற வேண்டும். அவரிடம் அப்படியே எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஒரே ஒரு தடவை தவிர, தொழிலில் எனக்குப் பொய் வந்ததில்லை.

உனக்கு வந்தது. அதுவும் எங்கே?

பதிவேட்டில் குத்தகைதாரராகத் தன் பெயரை ஏற்றக் கேட்டு என் அப்பா மனுக் கொடுத்திருந்தார். ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு அவரை எழுப்ப முடியாது. இருபது வருஷம் அவர் சாகுபடி செய்த பத்து மா நிலம். விசாரணைக்குத் தாசில்தார் வயலுக்கே வந்தார். "இவரு கூலிக்கு வந்த ஆளுங்க" என்றார் உன் அப்பா. தாசில்தார் உன் பக்கம் திரும்பினார். "படிச்ச பிள்ளை, நீங்க சொல்லுங்க தம்பி. யாரு சாகுபடி?"

ஒவ்வொரு அறுப்புக்கும் எங்கள் களத்துக்கு வந்து, என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டவன் நீ. உன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எனக்குத் தெரிஞ்சு கூலி ஆள்தான் சார்."

என் அப்பா வயலில் இறங்கினார். மடை உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. சேற்றை அள்ளி அடைத்துவிட்டு மேலே ஏறினார். அந்த நிலத்தில் அவர் செய்த கடைசி வேலை அது. மனு தள்ளுபடியானது. இப்போது ஒரத்தநாட்டில் அரிசி ஆலையில் மூட்டை தைக்கிறார்.

அதற்குப் பிறகும் வெட்கமில்லாமல் எனக்கு ஆள் அனுப்பினாய். கும்பகோணத்தில் நீ வைத்த கடையில் மிஷின் தகராறு, வேறு யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை. வந்தேன். எதிரெதிராக உட்கார்ந்து ஆடும் மேஜை மிஷின். எப்போதும் வடக்குப் பக்கம்தான் உன் இடம். உன்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று ஊரே பேசியது.

ஜாய்ஸ்டிக் குச்சிக்கு அடியில் சதுர ஓட்டை போட்ட தகடு ஒன்று உண்டு. அதைச் சாய்த்து வைத்தால் குச்சி நாலு திசைதான் போகும், நேராக வைத்தால் மூலைக்கும் வழுக்கும். சுற்றுப்பாதை கேமில் மூலைக்கு வழுக்கினால் திருப்பம் தவறும். உன் பக்கத்துத் தகட்டை மட்டும் நேராக்கினேன். நாலு திருகாணி, அவ்வளவுதான். பிறகு, "வா, ஒரு ஆட்டம் போடுவோம்" என்றேன்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் முட்டிச் செத்தாய். "என்ன முதலாளி, கை நடுங்குது?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். நீ குனிந்து மெதுவாகக் கேட்டாய்: "தகட்டைத் திருப்பிட்டியாடா?"

"எனக்குத் தெரிஞ்சு சரியாத்தான் இருக்கு."

உனக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. ஆனால் எழுந்து எல்லோரிடமும், "மிஷின் நல்லாத்தான் இருக்கு. அவன்தான் நல்லா ஆடுனான்" என்றாய்.

அங்கேதான் என் கோபம் இரண்டு மடங்கானது. எனக்காக ஒரு பொய்யை அத்தனை பேர் முன்னால் சொல்ல உனக்கு வாய் வந்தது. என் அப்பாவுக்காக ஓர் உண்மையைச் சொல்ல வரவில்லை. அந்த வெற்றியைக்கூட நீ எனக்குப் போட்ட பிச்சையாக ஆக்கிவிட்டாய். உன்னைத் தாலுகா ஆபீஸுக்கே இழுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வைக்கிறேன் என்று அன்று முடிவு செய்தேன்.

அதற்குள் பங்குனியில், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பியிருந்த உளுந்துச் செடியில் உன் பைக் சறுக்கியது.

சாவுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானப்பா கூடவே இருந்த. நீ சொல்லு, எம்புள்ள நல்லவன்தானே?" உன் அப்பா உட்பட அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"நல்லா வெளையாடுவான்மா" என்றேன்.

உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சொல்லாத மிச்சத்தை வைத்திருக்கிறேன். அப்பாவின் மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. நான்தான் சாட்சி. நீ எங்கள் களத்தில் சாப்பிட்டதையும், யார் விதைத்தார் யார் அறுத்தார் என்று உனக்கு நன்றாகத் தெரியும் என்பதையும், உன் பெயரைச் சொல்லி, உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இந்தத் தடவை நீ வந்து மறுக்க முடியாது.