இருபத்தோரு அதிரசம்

சுபானு வருடம், ஐப்பசி, தீபாவளி இரவு.

புளி போட்டுத் தேய்த்தும் நாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. அதிரசம் என்றாலே எனக்குக் குமட்டும். வெல்லத்தில் ஊறிய பழஞ்செருப்பு. ஆனால் தங்கை செல்லம்மா கல்யாணத்தில் ஒரே மூச்சில் இருபத்தொன்று தின்றேன் என்று செஞ்சி முழுக்கச் சொல்லி வைத்தவன் நான்தான். தின்றது ஒன்று, அதிலும் பாதி நாய்க்கு.

இந்த யுத்த காலத்தில் வெல்லம் கிடைப்பதே அரிது. கிடைத்ததில் செல்லம்மா சரியாக இருபத்தொன்று சுட்டு, என் முன்னால் வைத்தாள்.

“துன்னுண்ணா. உனுக்கோசரம் பசங்களகூட தொடவுடல.”

“பசங்களுக்கே குடும்மா.”

“இன்னா மச்சான், வயசாயிடுச்சா?” என்று அவள் புருஷன் சிரித்தான்.

விடுவேனா? ஒன்பதை விழுங்கினேன். ஒவ்வொன்றும் தொண்டையில் ராஜகிரி மலை ஏறி இறங்கியது. நாலு பிள்ளைகளும் எச்சில் விழுங்கியபடி என் வாயையே பார்த்தார்கள். பத்தாவதை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தேன்.

“மலை உச்சியில ஒரு சாமியார் எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. ஒம்பதுக்கு மேல எனக்கு ஆகாதாம். மீதி கொழந்தைங்களுக்குத்தான்” என்றேன்.

பிள்ளைகள் தட்டின் மேல் பாய்ந்தார்கள். செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப வருசா வருசம் ஒம்பது உனுக்குண்ணா. நானும் சத்தியம் பண்றேன்.”

பாழாய்ப்போன சாமியார், இரண்டு என்று சொல்லியிருக்கக் கூடாதா?