கோமதியின் மூச்சு

நிலா, மூன்றாம் சுரங்கம்
நாள் 4,118. காலை 8.10
காற்று சரி. தண்ணீர் சரி. வடிகட்டியைக் கழுவினேன். அடுத்த கப்பலில் வருகிறவர் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் இசக்கித்தாய். ஐந்தாவது வரை படித்தவள். சுரங்கத்துக்கு ஒரு குடும்பம் என்று வந்தோம். வீட்டுக்காரர் முன்பே செத்துவிட்டார்.

8.40
எல்லாச் சுரங்கமும் பேசிக்கொள்ளும் செய்திக் குழுவில் தோழியின் செய்தி. தோழி என்பது பூமியில் இருக்கும் இயந்திரம். இங்கே பிறந்த நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு சுரங்கத்தில். நிலாவில் பிள்ளைகள் நல்லபடி வளருமா என்று இருபது வருட ஆராய்ச்சி. நடுவில் யாரும் விட்டுப் போகாமலிருக்க, தினமும் பேச்சுக் கொடுக்கும்.

"கோமதிக்குட்டி! இன்னைக்குப் பத்து வயசு! மூச்சு அளக்கிற குழாயில ஊதி அனுப்பும்மா!"

கோமதி என் மகள். செத்து ஏழு மாதம். நெஞ்சில் தூசி கட்டிவிட்டது. சொன்னால் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? நானே ஊதினேன். பிள்ளை மூச்சு மாதிரி பாதியில் நிறுத்தினேன்.

நாள் 4,119. பகல் 1.00
பம்பு இரண்டு தடவை நின்றது. தட்டி ஓடவிட்டேன். ஏழாம் சுரங்கத்துச் செல்லப்பாண்டி, அவனுக்கும் கோமதி வயதுதான், குழுவில் கேலி செய்திருந்தான்.

"ஏட்டி கோமதி, பத்து வயசாயிட்டா? கெழவி!"

"போலே, ஓட்டப்பல்லா," என்று அவள் சொல்லுவது போலவே எழுதினேன். ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

நாள் 4,126. காலை 9.20
தோழி: "நல்ல சேதி! நாப்பது பிள்ளைங்க மூச்சும் சுத்தம்! அதனால அடுத்த கப்பல்ல அறுபது கர்ப்பிணிங்க வர்றாங்க. நாளைக்குக் கிளம்புது!"

வேலை ஓடவில்லை. அந்த மூச்சு என்னுடையது.

11.05
திரையில் அவள் பெயரை விரலால் தடவினேன். பிறகு அனுப்பினேன்: "கோமதி செத்துட்டா. ஏழு மாசமா ஊதுனது நான். கப்பலை அனுப்பாதீங்க."

11.09
செல்லப்பாண்டி பெயரில்: "நான் அவன் அப்பா, தாயி. அவன் போயி ஒரு வருசம்."

11.10
"எம்மவளும்."

"இங்கயும்."

11.13
இருபத்தாறு வரை எண்ணினேன். கண் மறைக்கிறது.

11.15
தோழி: "அடடா, இன்னைக்குக் குழுவே கலகலன்னு இருக்கே! இப்படியே எல்லாரும் பேசணும்!"

11.16
எல்லோரும் ஒரே செய்தியை அனுப்புகிறோம். கப்பலை நிறுத்துங்க. கப்பலை நிறுத்துங்க.

ஒவ்வொன்றின் கீழும் தோழியின் இதயக்குறி ஒன்று விழுகிறது.