கட்டிலடியில் இருந்த ஷூ

அக்கா,

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன், எழுந்ததும் குடி.

வேகமாக ஓடிப் பழக, அடி மெல்லிசான லேசான ஷூ வாங்கட்டுமா என்று கேட்டேன். "உனக்கெதுக்குடி அது? கால் போயிடும். மெத்துனு இருக்கிறதையே போடு" என்று சொன்னாய். நம்பினேன்.

இன்று உன் கட்டிலடியில் கை விட்டால், நான் கேட்ட அதே மாதிரி ஷூ! அடிப்பாகம் தேய்ந்தே போயிருக்கிறது. கெண்டைக்கால் வலி என்று நீ ஏன் முனகினாய் என்று இப்போதுதான் புரிகிறது. தினமும் தைலம் தேய்த்துவிட்ட முட்டாள் நான்.

ஓட்டப்பந்தய அணியில் காலியாக இருப்பது ஒரே இடம்தான், தெரியும். நேராகச் சொல்லியிருந்தால் போட்டி போட்டிருப்பேன், அழுதிருக்க மாட்டேன்.

நமக்கு ஒரே அளவுதானே? உன் ஷூவைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகிறேன். என்னுடையது வாசலில் இருக்கிறது. மெத்தென்றுதான் இருக்கும், போட்டுக்கொள்.

பி.கு.: தைலத்தைத் தீர்த்துவிடாதே. ராத்திரி என் காலுக்கு நீதான் தேய்த்துவிட வேண்டும்.