வெறுமனே திரும்பிய ஆம்புலன்ஸ்

மன்னார்,
12.03.2023

அன்புள்ள அஸீபா அக்கா,

நீங்களும் மகள் றுஷ்தாவும் சுகந்தானே? நோன்பு தொடங்குமுன் இது உங்கள் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். எத்தனை தரம் அழைத்தும் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இப்போது வாட்டில் தாதியாக இல்லை. களைத்துப்போனேன். கொரோனாக் காலத்தில் சிறுநீரக நோயாளர்கள் என்ன பட்டார்கள் என்று ஆராயும் வைத்தியர்களோடு வேலை செய்கிறேன். றுஷ்தாவின் வாப்பா றிபாத் நானாவைப் பற்றிக் கேட்க வந்தவரிடம், வாகனம் கிடைக்காததால்தான் இரத்தம் சுத்திகரிக்க வரவில்லை என்றீர்களாம்.

அக்கா, 2020 கடைசியில் நானா சுத்திகரிக்க வராத அன்று உங்கள் கொண்டச்சிக்கு ஆம்புலன்ஸ் அனுப்பியவளே நான்தானே. அது வெறுமனே திரும்பி வந்தது. அதன் பிறகு நீங்கள் என்னோடு பேசவேயில்லை. நானாவுக்கு இரத்தம் சுத்திகரித்து முடியும்வரை வாட்டுக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்து நாம் கதைத்ததெல்லாம் மறந்துபோச்சா? ஆராய்ச்சிக்குச் சொல்ல விருப்பமில்லையென்றால் விடுங்கோ. எனக்கு மட்டும் இரண்டு வரி எழுதுங்கோ.

உங்கள் தங்கச்சி,
ஜெஸ்லியா


கொண்டச்சி,
02.04.2023

அன்பான ஜெஸ்லியா,

நோன்போடு எழுதுகிறேன், கை ஓடவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவர் கதிரையில் இருந்தார். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு வராது. இருமலும் இருந்தது. "ஒருதரம் போய்ட்டு வாங்க, ஜெஸ்லியா நிக்கிறா" என்றேன்.

"செக் பண்ணினா கொரோனா எண்டு வரும். மௌத்தானா என்னை எரிச்சுப்போடுவாங்க."

"எல்லாருக்குமா அப்படி நடக்குது?"

"ஜெஸ்லியா நல்ல பிள்ளைதான். அவ தடுக்கேலுமா? என்னை அனுப்பிப்போடாத அஸீபா."

அந்த மாதங்களில் கொரோனா என்று சொல்லி எங்கள் மையித்துகளையும் அடக்க விடாமல் அரசாங்கம் எரித்தது உங்களுக்கும் தெரியும். வாசல் கேற்றடிக்குப் போய், அவர் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்று ட்ரைவரிடம் சொன்னேன். றுஷ்தா உள்ளே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமையே அவர் வீட்டில் மௌத்தானார். எங்கள் மையவாடியில் அடக்கினோம். சில மாதங்களில் எரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

உங்களோடு கோபமில்லை. உங்கள் குரலைக் கேட்டால் நான் திரும்பவும் அந்தக் கேற்றடியில் போய் நிற்பேன். அதுதான் எடுக்கவில்லை. இதை எழுதுவதென்றால் எழுதுங்கள். எனக்கு இனி மறைக்கவும் தெம்பில்லை.

அஸீபா


மன்னார்,
20.08.2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

பெரிய டொக்டரிடம் சொன்னேன். "இது ஒரு வீட்டுக் கதை" என்றார். "அப்ப மற்ற வீடுகளிலயும் திரும்பக் கேப்பம் சேர்" என்றேன். உங்கள் முசலிப் பக்கம் முழுக்க வீடு வீடாக நடந்தோம். முதலில் வாகனம் இல்லை, ஊரடங்குப் பாஸ் இல்லை என்றவர்கள், கொஞ்சம் இருந்து கதைத்ததும் உங்களைப் போலவே சொன்னார்கள். நோய்க்குப் பயப்பட்டதைவிட எரிப்பதற்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று இப்போது அறிக்கையில் எழுதியிருக்கிறோம். அதனால் நானா திரும்பி வரப்போவதில்லைதான்.

அடுத்த மாதம் இங்கே அந்த அறிக்கை பற்றி ஒரு கூட்டம் வைக்கிறார்கள். வந்து சொல்லுவீர்களா?

அன்புடன்,
ஜெஸ்லியா


கொண்டச்சி,
03.09.2023

அன்பான தங்கச்சி,

கூட்டத்துக்கு நான் வரவில்லை. மேசைக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல என்னால் ஏலாது. நீங்கள் சொல்லுங்கள், போதும்.

வேறொரு காரியம். றுஷ்தா பிள்ளை வயிற்றோடு இருக்கிறாள். பிரஷர் கூடிவிட்டது, ஆஸ்பத்திரி வாட்டில் தங்கி நிற்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "ஆஸ்பத்திரி வேணாம் உம்மா, வாப்பாவை அனுப்பாமத்தானே வெச்சிருந்தீங்க" என்று அழுகிறாள். மருமகனும் சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டார்.

வருகிற வியாழன் காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நில்லுங்கள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போங்கள். என்னால் அந்தப் படி ஏற முடியாது. நான் வெளியே இருக்கிறேன்.

அஸீபா