சவரிமுத்துவின் சுட்ட முட்டை

1986 ஜனவரி 11, சனி

மூடுபனி. எதிர் ஊடு தெரியல. கை விறைச்சு எழுத்து கோணல்.

நான் அப்பவே சொன்னேன். நடக்கப் போறது அத்தனையும் சொன்னேன். தம்பி சவரிமுத்துவை அடக்கம் பண்ணித் திரும்பும்போதே, "இந்த லூர்து இனி காலையில ஒரு வாய் திங்க மாட்டா பாருங்க"ன்னு நாலு பேர் கேட்கச் சொன்னவன் நான். யாரும் காதில் வாங்கல. இன்னிக்கு டாக்டர் அதையே சொல்றார். அவர் சொன்னது படிச்சுட்டு. நான் சொன்னது படிக்காம. (அஞ்சாம் கிளாஸ். அதுலயும் பாதி.)

டாக். சொன்னது, மறக்காம இருக்க:
– லூர்துக்கு சர்க்கரை. காலையில் வெறும் வயிறு கூடவே கூடாது. மயக்கம் அதனாலதான்.
– முட்டை, காய் நல்லது. எண்ணெய் வேண்டாம்.
– எடை ஏழு கிலோ போச்சு. இந்த வாரம் தேறலைன்னா சேலம் ஆஸ்பத்திரிக்கு.

தம்பி மக செல்வி சேலத்திலிருந்து லெட்டர். வர வியாழன் அப்பனுக்கு நாப்பதாம் நாள் பூசை, புதனே வந்துடுவா. அம்மா சாப்பிடாம இருந்தா கையோட சேலம் கூட்டிட்டுப் போயிடுவாளாம், திரும்ப அனுப்ப மாட்டாளாம். லூர்து படிச்சுட்டு சொன்னது ஒரே வார்த்தை: "அவரு இங்க படுத்திருக்காரு. நான் எங்க போக?"

காரணம் எனக்குத் தெரியும். தம்பி செத்த அந்த ஞாயித்துக்கிழமை, சேலத்தில் பேரனுக்குக் காய்ச்சல்னு தகவல். முதல் பஸ். தம்பி அடுப்பில் முட்டையும் காயும் வெச்சிருந்தான், "பத்து நிமிசம் இரு, ஒரு வாய் தின்னுட்டுப் போ"ன்னான். இவ "பஸ் போயிடும்"னு கிளம்பிட்டா. அவ சேலம் சேர்றதுக்குள்ள அவன் போயிட்டான். மாரடைப்பு. அன்னிலிருந்து காலையில அவ எதையும் வாயில வைக்கறதில்ல.

நாளைக்கு அதே சுட்ட முட்டையை நான் செய்யப் போறேன். என்ன பெரிய வித்தை. முப்பது வருசம் மஞ்சக்குட்டை ரோட்டில் ஜீப் ஓட்டினவன். ரோடே இல்லாத இடத்திலயும் ஓட்டினவன்.

ஜனவரி 12, ஞாயிறு

கா. 6. பனி லூர்து ஊட்டுச் சமையல்கட்டுக்குள்ள வந்து நிக்குது.

தம்பி எஸ்டேட் பங்களாவில் சமையல். அங்கே காஸ் வந்ததும் பழைய இரும்பு அடுப்பை இவனுக்குக் கொடுத்துட்டாங்க. பக்கத்தில் கதவு போட்ட பெட்டி. உள்ளே தட்டை வெச்சா நாலு பக்கமும் சூடு. காப்பி விறகு போட்டேன்.

கேரட், பீன்ஸ், கோஸ், சௌசௌ பாதி. துருவி, உப்புப் போட்டு, தண்ணியைப் பிழிஞ்சு. (பிழியலைன்னா கொழகொழன்னு போயிடும். இது என் கண்டுபிடிப்பு. தம்பியும் இப்படித்தான் செய்வான், என்னைப் பாத்து.) முட்டை நாலு, பால் கொஞ்சம், எஸ்டேட் மிளகு இடிச்சது. தகரத் தட்டில் விரல் நுனி வெண்ணெய். அவ்வளவுதான்.

சூடு பார்க்கிறதில்தான் விசயம். தம்பி கையைப் பெட்டிக்குள்ள நீட்டி மாதாவுக்குச் சொல்ற "அருள்நிறைந்த மரியே" மந்திரம் ஒண்ணு முழுசாச் சொல்வான். ஆமென் வரைக்கும் கை தாங்கி, அதுக்கு மேல தாங்கலைன்னா முட்டைக்குச் சரியான சூடு. நானும் நீட்டினேன். சொன்னேன். தாங்கிச்சு. தட்டை உள்ளே தள்ளினேன்.

மேலே கரி. உள்ளே பச்சை.

கட்டிலில் இருந்து லூர்து குரல். நேத்து அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் வாயே தொறக்காதவ.

"ஏனுங்க மாமா, மாதாவுக்கு பஸ் புடிக்கோணுங்களா?"

"என்ன அம்மிணி?"

"அப்பிடி ஓட்டிச் சொன்னா எந்த அடுப்புலயும் கை தாங்கும். பாதி மந்திரத்த முழுங்கிட்டீங்க. அவரு கேட்டிருந்தா கரண்டியால போட்டிருப்பாரு."

எழுந்து வந்துட்டா. சுவத்தைப் பிடிச்சுட்டு. கரித் தட்டைப் பார்த்துட்டே நின்னா. அப்புறம், இத்தனை நாளா கேட்காததைக் கேட்டா.

"அன்னிக்கு நீங்கதான வந்து பாத்தீங்க. நான் வந்தப்ப தட்டுல பாதி இருந்துச்சு. அவரு... சாப்ட்டுட்டுத்தான் போனாருங்களா?"

நான் சொன்னேன். நல்லாத் தின்னான் அம்மிணி. எதிரில் நான்தான் நின்னேன். உன் பேரைச் சொன்னான். "அவ போனது சரிதான், புள்ளைக்குக் காய்ச்சல். அவ பங்கை நானே தின்னுக்கறேன்"ன்னு சிரிச்சான். அப்புறம்தான் நெஞ்சைப் பிடிச்சான்.

அழுதா நொம்ப நேரம். அப்புறம் கரியைச் சுரண்டித் தள்ளிட்டு, நடுவில் வெந்த இடமாப் பார்த்து ஒரு கரண்டி. முழுங்கிட்டா.

ஒரு கரண்டி. எழுதி வெச்சுக்கறேன்.

ஜனவரி 13, திங்கள்

பனி விலகல. மிளகு தீர்ந்தது, வாங்கணும். பல்லு வலி.

இன்னிக்கு மந்திரத்தை அவ சொன்னா, நான் கையை நீட்டினேன். நிறுத்தி நிறுத்திச் சொல்றா. கூடவே நானும் முணுமுணுத்தேன். மந்திரம் முடியப் போற இடம், "இப்பொழுதும்" வந்தப்ப மூணாவது குரல் ஒண்ணு. ஆம்பளைக் குரல். எங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம் பின்னாடி, அவசரமே இல்லாம. கை சுட்டுடுச்சு. லூர்து என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன். அவ தட்டை எடுத்து நீட்டினா.

தட்டு பொன் நிறம். பாதி தின்னுட்டா. எனக்கு ஒரு துண்டு வெட்டி வெச்சா. அப்புறம் திங்கறேன்னு சொல்லி, கோழிக்குப் போட்டுட்டேன்.

பஜாரில் டீக்கடையில் குரல் விசயம் சொன்னேன். தம்பி தோளில் துண்டோட நின்னான், என் கையைப் பிடிச்சு அடுப்புக்குள்ள இன்னும் ஒரு விரக்கடை தள்ளினான்னு. மூணு பேர் டீயை ஆற விட்டாங்க. அப்படி ஒண்ணும் தள்ளல. ஆனா நான் சொல்லி முடிச்சப்ப என் மணிக்கட்டு சில்லுன்னு இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பக்கத்து எஸ்டேட் லைன் ஊட்டு சனங்க வெண்பொங்கல் கொண்டுவந்தாங்க. லூர்து பதிலுக்கு சுட்ட முட்டை துண்டு போட்டுக் கொடுத்தா. காப்பி பறிக்கிற ராமாயி கேட்டா, "என்னக்கா, மூஞ்சி தெளிஞ்சிருக்கு?"

"எம்பங்கையும் சேத்துத் தின்னுட்டுத்தான் போனாராமா. பசியோட போகல. தட்ட விரலால வழிச்சாராமா."

வழிச்சான்னு நான் சொல்லவே இல்லை. அவளாச் சேர்த்துக்கிட்டா. ஊரில் அந்த வேலை என் வேலை. சந்தோசப்பட வேண்டியவன், வெண்பொங்கலைத் தொடாம வெச்சுட்டேன்.

இன்னிக்கு அடுப்பு முன்னாடி நின்னப்ப பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே. மிரட்டுற மாதிரி இல்லை. பந்தியில் தன் முறைக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. திரும்பிப் பார்க்கல.

ஜனவரி 15, புதன்

வெயில் கொஞ்சம். செல்வி மதியம் ஜீப்பில் வந்தா. டிரைவர் வளைவில் கியர் போடத் தெரியாதவன், சத்தத்திலேயே சொன்னேன்.

அம்மா தெளிஞ்சு நிக்கறதைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டா. கூட்டிட்டுப் போக டிரங்குப் பெட்டி கொண்டு வந்திருந்தா. லூர்து காலையில் மிச்சம் வெச்ச துண்டை அவ கையில் கொடுத்து, "தினம் இதான் கண்ணு. உங்க பெரீப்பா கருக்குவாரு, நான் திட்டுவேன்" அப்படீன்னா.

செல்வி என்னைத் தனியாக் கூப்பிட்டா.

"பெரீப்பா, அப்பா நெசமாலுமே அம்மாவப் பத்திப் பேசினாருங்களா? அம்மா என்னைப் பாக்க வந்ததாலதான்னு நான் எத்தன நாளு..."

அவளுக்கும் சொன்னேன். இன்னும் நல்லாவே சொன்னேன். "செல்வி ஊட்டுக்கு நானும் அடுத்த வாரம் போகோணும்"னு தம்பி சொன்னதாச் சேர்த்தேன். புள்ள என் கையைக் கண்ணில் ஒத்திக்கிச்சு.

டிரங்குப் பெட்டி காலியாவே திரும்பப் போகுது. லூர்து இங்கேதான்.

ஜனவரி 16, வியாழன்

தூறல். பூசை ஆச்சு. கோயில் நிறைய சனம். லூர்து காலையில் முழுத் துண்டு, ஒரு டம்ளர் பால்.

பூசைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்னேன். எனக்கு முன்னாடி ஒருத்தர்தான் பாக்கி. வெளியே வந்துட்டேன். சாமியார்கிட்ட சொல்லாததை இங்கே எழுதறேன். இந்த நோட்டை யாரும் படிக்க மாட்டாங்க.

தம்பி என்கிட்ட ஒண்ணும் பேசல. நான் போனப்ப நாற்காலியில் சாஞ்சு, ஜன்னல் பக்கம் முகம் திருப்பியிருந்தான். தூங்கறான்னு நினைச்சேன். மேசையில் தட்டு, கத்தி படாம, லேசா ஆவி. ரெண்டு கிண்ணி, ரெண்டும் சுத்தமா. எனக்குப் பசி. "டேய், உன் சம்சாரம் பங்கு எனக்குடா"ன்னு சொல்லி வெட்டிக்கிட்டேன். தின்னுட்டே அவன்கிட்ட கதை விட்டேன். கொட்டச்சேடு எறக்கத்தில் பிரேக் இல்லாம ஜீப்பை நிறுத்தின கதை. அந்தக் கதைக்கு அவன் எப்பவும் "பொய், பொய்"னு சிரிப்பான். சிரிக்கலையேன்னுதான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

அதுக்குள்ள தட்டில் பாதி போயிருந்தது. அந்தப் பாதி அவன் தின்னதில்லை. நான் தின்னது.